ஏலத்துக்கு வந்த வாளை

மைக் பிடித்துப் பேசுவதென்றால் ஐடாவுக்குக் கொள்ளை ஆசை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான். யாராவது "ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்று கேட்டால், "ஐயோ, எனக்கெதுக்கு" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, கேட்டவர் மனசு மாறுவதற்குள் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

அப்படித்தான் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னால் போய் நின்றாள். பெங்களூரில் ஒரு மீன் மரபு வங்கியில் அவளுக்கு வேலை. தினமும் தங்கவயல் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் போய் வருகிறவள். அழிந்துகொண்டு வரும் ஆற்று மீன், ஏரி மீன்களின் விந்தை மெல்லிய குழாய்களில் அடைத்து, புகை கக்கும் குளிர்க் கேனுக்குள் வருஷக்கணக்காகப் பத்திரப்படுத்துகிற இடம் அது. ஐடா அங்கே டெக்னீஷியன். கேனில் நைட்ரஜன் குறையாமல் பார்த்துக்கொள்வதும், குழாய்களுக்கு நம்பர் ஒட்டுவதும் அவள் பொறுப்பு. சபையில் மட்டும் எல்லாரும் அவளைச் சயின்டிஸ்ட் என்றார்கள். ஒரு தடவைகூட அவள் திருத்தியதில்லை. எதற்குத் திருத்துவது, கேட்க நன்றாகத்தானே இருக்கிறது.

"நம்ம பேத்தமங்களா ஏரியில இப்ப எங்க பார்த்தாலும் ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான்" என்று அன்றைக்கு ஆரம்பித்தாள். "வாளை மீனு கண்ணுலயே படறதில்ல. ஏரி ரொம்பின வருஷத்துல நாலஞ்சு ஆண் வாளை கெடச்சிச்சு. அதோட வித்து எங்க கேன்ல பத்திரமா இருக்குது. ஆனா முட்டைய அந்த மாதிரி ஒறைய வச்சு எடுக்க எங்களால முடியாது. உயிரோட ஒரு பொட்ட வாளை, சினையோட கெடச்சாத்தான் ரெண்டையும் சேத்துக் குஞ்சு பொரிக்க வைக்கலாம். வேற ஊர் வாளையக் கொண்டாந்து விட்டா அது நம்ம ஏரி வாளை ஆகாது. அதனால யார் கையில கெடச்சாலும் கொன்னுடாதீங்க. எனக்கு போன் போடுங்க. பன்னெண்டு மணி ராத்திரின்னாலும் எடுப்பேன்."

விந்து என்ற வார்த்தையைப் பலிபீடத்துக்கு முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு, வித்து வித்து என்றே சமாளித்தாள். வாலிபர்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. அவள் போன் நம்பரை ஞாயிறு பள்ளிக் கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போட்டார்கள். சபையார் காதில் மற்றதெல்லாம் விழுந்ததோ இல்லையோ, ஒன்று மட்டும் கணீரென்று விழுந்தது. வாளையைப் போல விலையேறப்பெற்ற மீன் இந்தச் சீமையிலேயே இல்லை. அதைத்தான் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

சபையில் அவள் பேச்சை வாய் பிளந்து கேட்டவன் ஏசுபாதம். ஐடாவின் சித்தி மகன். ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய கம்பெனிக் கட்டடத்தில் தரை துடைக்கிற கான்ட்ராக்ட் வேலை. லீவு கிடைத்தால் சிநேகிதர்களோடு வலையைத் தூக்கிக்கொண்டு பேத்தமங்களாவுக்குப் போய்விடுவான். வலை வீசத் தெரியும் என்று அவனே சொல்லிக்கொள்வான், கூடப் போகிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஏசுபாதத்தின் போன் என்றாலே ஐடாவுக்கு எரிச்சல். ரேஷன் கார்டில் பேர் தப்பாக வந்திருக்கிறது, பையனுக்கு உன் ஆபீசில் ஏதாவது வேலை இருக்குமா, காய்ச்சலுக்கு இந்த மாத்திரை போடலாமா என்று எதற்கெடுத்தாலும் போன். அதுவும் சுரங்க ஷாஃப்ட்டின் அடியில் நின்று மேலே இருக்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு தொண்டை. "அக்கா, நான்தான்க்கா, துன்னியா" என்று அவன் கத்துவது பக்கத்து மேஜை வரைக்கும் கேட்கும். அந்த மேஜைக்காரர்களிடம் ஐடா தன் ஊர் "பெங்களூர் பக்கம்" என்று சொல்லி வைத்திருந்தாள். தங்கவயல் என்றால் எங்கே இருந்தீர்கள் என்பார்கள். லைன் வீடு என்றால் அது என்ன என்பார்கள். சுரங்கத் தொழிலாளிக்குக் கட்டின ஒற்றை அறை வரிசை வீடு என்று விளக்க வேண்டும், அந்தப் பேச்சு கடைசியில் பொதுக் கக்கூஸ் வரைக்கும் போய்த்தான் நிற்கும். எதற்கு வம்பு என்று இருந்துவிட்டாள்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, ஆபீசுக்கு வெளியூர் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஐடா கேனைத் திறந்து காட்டி, புகைக்கு நடுவே நின்று விளக்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஏசுபாதம். கட் பண்ணினாள். மத்தியானம் கேன்டீனில் டைரக்டர் மேஜையிலேயே அவளுக்கும் இடம் கிடைத்தது, என்றைக்கும் கிடைக்காத இடம். அங்கேயும் போன். அவன் தொண்டை அந்த மேஜையில் கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு வியர்த்துவிட்டது. மறுபடியும் கட். அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதை அவள் திறக்கவே இல்லை.

சாயங்காலம் ரயிலில் வழக்கமான பெண்கள் கூட்டம். ஐடா மடியில் முறத்தைப் போட்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் அவன்.

"எடுக்கலியா?" என்றாள் பக்கத்து சீட் ஸ்வீட்டி.

"என் சித்தி புள்ளதான். அவனுக்கு வேற வேலையே இல்ல. நாளைக்கு சர்ச்சுல பாக்கத்தானே போறேன்." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரைக்காயைப் பார்த்தாள்.

மறுநாள் பண்டிகை. ஆராதனை முடிந்து, சபை வளாகத்தில் சாமியானா போட்டு ஏலம் தொடங்கியது. அவரவர் தங்கள் விளைச்சலில், சம்பாத்தியத்தில், கைவேலையில் முதலானதை ஆண்டவருக்கென்று கொண்டுவந்து வைப்பார்கள். அதை ஏலம் விட்டுச் சபைக்குச் சேர்ப்பார்கள். பூசணிக்காய், ராகி மூட்டை, வாழைத்தார், காலைக் கட்டின சேவல், டப்பா டப்பாவாக அதிரசம். ஏலம் விடுகிறவர் டென்சில், சுரங்கம் ஓடின காலத்தில் ஆட்கள் இறங்கும் கேஜ் கூண்டை மணி அடித்து ஏற்றி இறக்கினவர். இப்போதும் மணியை வைத்துக்கொண்டுதான் ஏலம் விடுவார். "இன்னா, கேஜ் அடி லெவல்லயே நிக்குது? மேல ஏத்துங்கப்பா. புண்ணியவான்களா, மேல ஏத்துங்க" என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மணி அடிப்பார். சிரித்துச் சிரித்தே எல்லாரும் கையிலிருப்பதைவிடக் கூடுதலாகக் கேட்டுவிடுவார்கள்.

அப்போது ஏசுபாதமும் இன்னொருவனுமாக ஒரு பெரிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாழையிலையும் ஐஸும் மூடியிருந்தன. ஏசுபாதம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். இலையை அவனே விலக்கினான்.

"பாத்துக்குங்க" என்றார் டென்சில் மைக்கில். "நம்ம சயின்டிஸ்ட் ஐடாம்மா இந்த எடத்துலதான் சொன்னாங்க. தேடினாலும் கெடைக்காத மீனு. அத நம்ம ஏசுபாதம் புடிச்சு ஆண்டவருக்குன்னு கொணாந்துட்டான். இதுக்கு எவ்ளோ கேட்டாலும் தகும்."

எல்லா முகமும் சிரிப்போடு ஐடா பக்கம் திரும்பியது. அவள் சிரிக்கவில்லை. கை நீளத்துக்கு வெள்ளி உடம்பு, அகன்ற வாய், இரண்டு பக்கமும் தொங்கும் நீள மீசை. வாளைதான், சந்தேகமே இல்லை. வயிறு உப்பியிருந்தது.

விறுவிறுவென்று எழுந்து போனாள். குனிந்து வயிற்றை விரலால் லேசாக அழுத்தினாள். முட்டை பொலபொலவென்று விரலில் வழிந்தது. முற்றிப் பழுத்த சினை. கேனுக்குள் இத்தனை வருஷமாகப் புகைக்குள் காத்திருக்கிற அந்த நாலைந்து ஆண் மீன்களுக்கு வேண்டியிருந்தது இதுதான். நேற்று வேண்டியிருந்தது. செத்து ஐஸில் கிடந்த மீனின் முட்டை பொரிக்காது, இன்றைக்கு இது வெறும் குழம்பு மீன்.

"எப்ப செத்துச்சு?" என்று கேட்டாள்.

"விடிகாலைலதான்க்கா. அது வரிக்கும் உசுரோடதான் இருந்திச்சு." ஏசுபாதம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "செத்தப்பறம் இன்னா பண்றது, வீணாக்க வேணாம், ஆண்டவருக்கே குடுத்துடலாம்னு…"

"உசுரோட இருந்திச்சா?" ஐடா நிமிர்ந்தாள். "ஏன்டா, அறிவு கீதா உனக்கு? இந்த எடத்துல நின்னு எத்தினி தபா சொன்னேன்? உசுரோட வேணும், உசுரோட வேணும்னு தொண்ட கிழியக் கத்தினேனே. எனக்கு ஒரு போன் போட்டா கை ஒடிஞ்சா பூடும்?"

டென்சிலின் மைக் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு எழுத்து விடாமல் சாமியானா முழுக்கக் கேட்டது.

நேற்று வந்த போன்கள் அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை என்றால் நம்பத்தான் வேண்டும். ஏசுபாதத்தின் போன் அவளுக்குக் கொசுக்கடி மாதிரி. எத்தனை கொசு கடித்தது என்று யார் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்? ஏசுபாதம் வாயைத் திறந்தான். அவளைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், திறந்த வாயை மூடிக்கொண்டான். சிரிப்பு மட்டும் மெல்லக் கழன்றது.

"தப்புதான்க்கா" என்றான். "தோணாம பூடுச்சு."

அவன் அந்தப் பொய்யைச் சொன்ன கணத்தில்தான் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கேன், கேன்டீன், அவரைக்காய். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதற்குள் கமிட்டிப் பெரியவர் ராஜப்பா முந்திக்கொண்டார்.

"இவன் எப்பவுமே அரவேக்காடுதான். அந்தம்மா எவ்ளோ படிச்சவங்க, வேலை மெனக்கெட்டு வந்து சொன்னாங்க. காதுல ஏறினாத்தானே?"

கூட்டம் சிரித்தது. யாரோ ஒரு பெண் "பாவம், சபைக்குன்னு வரம் மாதிரி வந்த ஒரு மீனு" என்று உச்சுக் கொட்டினாள். ஏசுபாதம் தலையைக் குனிந்துகொண்டு தாம்பாளத்து விளிம்பைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஐடா கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் ஸ்பிரிட் புட்டியை எடுத்து, கத்தரிக்கோல் வாங்கி, மீனின் துடுப்பில் ஒரு நுனியை வெட்டிப் புட்டிக்குள் போட்டு மூடினாள். அந்தத் துண்டை வைத்து இது எந்த வம்சத்து மீன் என்று சொல்லிவிடலாம், ஒரு குஞ்சைக்கூடப் பொரிக்க வைக்க முடியாது. சுற்றி நின்ற பிள்ளைகள் அவள் கையையே ஆசையாகப் பார்த்தார்கள்.

மீனைப் பெண்கள் சங்கம் கூட்டாக ஏலம் எடுத்து, மத்தியானப் பந்திக்குக் குழம்பு வைக்கச் சமையல் கொட்டகைக்கு அனுப்பியது.

கை கழுவுகிற சாக்கில் ஐடா கொட்டகைப் பக்கம் போனாள். அங்கே ஏசுபாதத்தின் மனைவி ஜெனிட்டா, வாளையை அருவாமணையில் வைத்து அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ராத்திரி பூரா தொட்டிகிட்டயே குந்திக்கினு இருந்தாரு" என்றாள் ஜெனிட்டா, மீனிடம் சொல்வது போல. "பக்கெட்டு பக்கெட்டா தண்ணி மாத்திக்கினு. லைன்ல இருக்கறவங்கல்லாம் வந்து வேடிக்க பாத்துட்டுப் போனாங்க. எங்கக்கா வருவாங்க, பெங்களூருக்கு எடுத்துக்கினு போவாங்கன்னு எல்லார்கிட்டயும் பெருமை. வூட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வான்னேன். நீங்க வேலைல இருப்பீங்க, நீங்களே திரும்ப போன் பண்ணுவீங்கன்னாரு."

"ஜெனிட்டா, நான்…"

"அங்க அத்தினி பேர் மின்னாடி உண்மையச் சொன்னா உங்களுக்கு அசிங்கமா பூடும்னு வாய மூடிக்கினாரு. எனக்கு அந்த மாதிரி மனசில்லக்கா. போயி உங்க போனப் பாருங்க."

சர்ச்சுக்குப் பின்னால் யாரும் இல்லாத இடம் பார்த்து ஐடா போனைத் திறந்தாள். வாய்ஸ் மெசேஜை அழுத்தினாள். முதலில் தண்ணீர் அடிபடுகிற சத்தம், தொட்டிச் சுவரில் வால் மோதுகிற சத்தம். அப்புறம் அந்தத் தொண்டை.

"அக்கா, நான்தான்க்கா. மெதுவாவே பேசறேன், நீ ஆபீசுல இருப்ப. நீ சொன்னியே அந்தப் பொட்ட வாளை, ஆப்ட்டுச்சுக்கா. வயிறு இம்மாம் பெருசு கீது. உசுரோட கீதுக்கா, கேளு, சத்தம் கேக்குதா? தொட்டியில உட்டு வச்சிருக்கேன். எத்தினி மணிக்கி ஆனாலும் வா. இல்லாட்டி இன்னா பண்ணணும்னு மட்டும் சொல்லு, நான் பண்றேன்."

மெதுவாகத்தான் பேசியிருந்தான். அவன் தொண்டையைக் கண்டு அவளுக்குக் கூச்சம் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. வெட்கம் என்றால் என்ன என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மீன் போனதுகூட அப்புறம்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தவனை ஊர் முன்னால் நிற்க வைத்து, ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறாள். அவனும் தப்பு என்னுடையதுதான் என்றிருக்கிறான். தன் முகத்தில் தானே காறித் துப்பிக்கொள்ள முடிந்தால் துப்பியிருப்பாள்.

சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் பந்திக்குப் போனாள். அதில் சந்தேகம் வேண்டாம். இலை போட்டாயிற்று, பாஸ்டர் ஜெபத்துக்காக மைக்கை எடுத்தார். ஐடா எழுந்து போய், "ஒரு நிமிஷம் பாஸ்டர்" என்று அதைக் கேட்டு வாங்கினாள். வாழ்க்கையிலேயே அவளாகக் கேட்டு வாங்கின மைக் அது ஒன்றுதான்.

"ஏசுபாதம் மேல தப்பில்ல" என்றாள். "அவன் நேத்தே எனக்கு போன் பண்ணான். திரும்பத் திரும்பப் பண்ணான். நான்தான் எடுக்கல. வேணும்னே கட் பண்ணேன். மீனு செத்ததுக்குக் காரணம் நான்."

சோற்று வாளியோடு நடுவில் நின்ற ஏசுபாதம் பதறிப்போய் அவளைப் பார்த்தான். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷர், எதைக் கேட்டாலும் அதில் ஒரு பிரசங்கம் தெரியும் அவருக்கு.

"பாத்தீங்களா சபையாரே" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. "காலைல கோவத்துல ரெண்டு வார்த்தை பேசிட்டாங்க. அது அவங்க மனச உறுத்திடுச்சு. தம்பி தலகுனிஞ்சு நிக்கறானேன்னு, அவன் குத்தத்தத் தூக்கித் தன் மேல போட்டுக்கறாங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்ல பாஸ்டர், நெசமாவே நான்தான்…"

"தெரியும்மா, தெரியும்." அவர் மைக்கை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

"படிப்புன்னா இதுதான்யா படிப்பு" என்றார் ராஜப்பா. "டேய் ஏசுபாதம், பாத்துக் கத்துக்கோ."

ஐடாவின் இன்னொரு கையில் போன் இருந்தது. அந்த மெசேஜ் அப்படியே திறந்துதான் இருந்தது. மைக் எட்டுகிற தூரம். விரலை ஒரு தடவை வைத்தால் போதும், தண்ணீர்ச் சத்தத்தோடு அவன் குரல் சாமியானா முழுக்கக் கேட்கும். அதற்குப் பிறகு ஒருத்தருக்கும் சந்தேகம் இருக்காது. ஐடா கட்டை விரலைத் திரைக்கு மேலே கொண்டுபோனாள்.

அதற்குள் யாரோ கை தட்டினார்கள். அது வரிசை வரிசையாகப் பரவியது. டென்சில் ஏல மணியை எடுத்து அடித்தார். ஐடா அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றாள். சொல்லவே நாக்கூசுகிற விஷயம், அந்தக் கைதட்டல் அவளுக்கு இனித்தது. உடம்பெல்லாம் கூசிப்போயிருந்த அந்த நேரத்திலும் இனித்தது. போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏசுபாதம் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவனும் கை தட்டினான்.

"உக்காருக்கா, சோறு ஆறிடும்" என்று அவன்தான் வந்து பரிமாறினான். "நீ எதுக்குக்கா எழுந்து இதெல்லாம் சொல்லிக்கினு. உடு." அவன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று ஐடா தேடிப் பார்த்தாள். கோபமே இல்லை.

அவனுக்குப் பின்னால் குழம்புப் பாத்திரத்தோடு ஜெனிட்டா வந்தாள். அவள் கை தட்டவில்லை என்பதை ஐடா கவனித்திருந்தாள். போன் பைக்குள் போனதை ஜெனிட்டாவும் கவனித்திருந்தாள். கரண்டியை ஆழ விட்டுத் துழாவி, முழுச் சினையையும் உடையாமல் எடுத்து ஐடாவின் இலையில் வைத்தாள்.

"உங்களுக்குன்னுதான் எடுத்து வச்சேன்" என்றாள்.

"சாப்பிடும்மா" என்றார் பக்கத்து இலையிலிருந்த பாஸ்டரின் மனைவி. "சினை எல்லாருக்குமா கெடைக்கும்?"

எதிர் வரிசையில் எல்லாரும் அன்போடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனிட்டா நகராமல் நின்றாள். ஐடா சினையில் ஒரு துண்டைப் பிட்டுச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டு மென்றாள்.